குழந்தைகள் தோட்டத்தில் ஓர் இளவேனில்

ஜெர்மனி நாட்டின் தென்பகுதியில், பவேரியா மாநிலத்தைச் சேர்ந்த பிராங்கோனியா என்னும் நிலப்பகுதியில் ஒரு சிற்றூர். ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் வாசகர் நாவில் நிற்காது. சில நூறு வீடுகள், ஒரு கோவில், கோவிலை ஒட்டிப் பங்குக் குருவின் இல்லம், இல்லத்தை ஒட்டிப் பங்கின் குழந்தைகள் பள்ளி, அவ்வளவே. அவ்வூர்ப் பங்குக் குரு நோயுற்று ஓய்விலிருந்தமையால், அவருக்குப் பதிலாகப் பணியாற்ற 2023 ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் ஓர் இரவு அங்குப் போய்ச் சேர்ந்தோம்.

மறுநாட் காலை சன்னல் திரையை விலக்கியபோது வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே பொருத்தியிருந்த வெப்பமானி ஆறு டிகிரி காட்டியது. கீழே பள்ளி முற்றத்தில், முழங்கால்வரை ரப்பர்க் காலணியும் மார்புவரை உயர்ந்த ரப்பர்க் காற்சட்டையும் அணிந்த இருபது முப்பது குழந்தைகள் சேற்றில் உட்கார்ந்திருந்தனர். ஒரு சிறுமி சேற்றை வாளியில் அள்ளி ஊற்றுவதும் மீண்டும் அள்ளுவதுமாக இருந்தாள். சிவப்புக் கம்பளித் தொப்பி அணிந்த சிறுவன் ஒருவன் ஒரு மண்புழுவை உள்ளங்கையில் ஏந்தியபடி அதனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். பிள்ளைகளைக் கவனிப்பார் எவருமில்லையோ என்று பதறிப்போய், அங்கியை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி ஓடினோம். பள்ளித் தலைவி வாசலில் குடைகூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

“மழை பெய்கிறதே, பிள்ளைகளை உள்ளே அழைக்கலாகாதா?” என்று நமக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மன் மொழியில் கேட்டோம்.

“மழை பெய்யாமல் சேறு எப்படிக் கிடைக்கும், சுவாமி?” என்றார் அவர்.

அந்த விடை நம்மைத் திடுக்கிடச் செய்தது. ஏனெனில் 2019 இல், அப்போது நாம் பொறுப்பேற்றிருந்த பங்கின் நர்சரிப் பள்ளி முற்றத்துக்குச் சிமெண்டுத் தளம் போட்டு, திருவிழாவன்று அதை மந்திரித்துத் திறந்து வைத்தவர்களும் நாமே. பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை அழுக்காகிறது என்று பெற்றோர் குறைகூறினர். முற்றத்து நடுவில் நின்ற புங்கமரம் மாசி பங்குனியில் இலையுதிர்த்துக் குப்பை போடுகிறது என்று நமக்கே எரிச்சல் இருந்தது. மரத்தை வெட்டினோம், தளம் போட்டோம். பள்ளியைக் கூட்டும் ஆயா மட்டும், “குப்பை எனக்குப் பழக்கந்தான் சாமி, நிழலுக்குப் பிள்ளைங்க எங்க போகும்?” என்று கேட்டார். அதற்கு விடை சொன்னதாக நினைவில்லை.

அன்றிலிருந்து பெந்தெகோஸ்தே திருநாள்வரை, கோவில் கடமைகள் முடிந்த நேரமெல்லாம் அம்முற்றத்திலேயே கழிந்தது எனலாம்.

மூன்று வயது முதல் ஆறு வயதுவரையுள்ள ஐம்பது குழந்தைகள் அங்கே இருந்தனர். எழுத்து கிடையாது, சிலேட்டு கிடையாது, வீட்டுப் பாடம் கிடையாது. பள்ளிக்கூடம் ஆறு வயதில் தொடங்கும்; எழுத்தும் கணக்கும் அப்போதுதான். அதற்குமுன் உள்ள ஆண்டுகள் விளையாட்டுக்கும் வளர்ச்சிக்கும் உரியவை என்று அந்நாட்டார் கருதுகின்றனர். மூன்று வயதான ஒவ்வொரு குழந்தைக்கும் இத்தகைய பள்ளியில் இடம் பெறும் சட்ட உரிமை 1996 முதல் உண்டு; 2013 முதல் ஒரு வயது நிறைந்த குழந்தைகளுக்கும் அவ்வுரிமை வந்துவிட்டது. இவற்றுள் ஆயிரக்கணக்கானவற்றைக் கத்தோலிக்கப் பங்குகளும் சபைகளும் நடத்துகின்றன. ஆள் பற்றாக்குறை அங்கும் பெருந்தொல்லையே. நாம் இருந்த நாட்களில் ஆசிரியை ஒருவர் காய்ச்சலில் விழ, தலைவியே சமையலறையிலும் நின்றார்.

அவர்களுடைய இளவேனிலைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். நமக்குச் சித்திரையும் வைகாசியும் இளவேனில். நம்மூரில் அது வெயில் ஏறும் காலம். மரங்கள் பூத்தாலும் மனிதர் நிழல் தேடுவர். அங்கோ மார்ச் மாதம்வரை மரங்கள் விறகுக் கட்டைகள்போல் நிற்கின்றன. நான்கைந்து மாதம் பச்சை என்பதே புல்லிலும் ஊசியிலை மரத்திலும் மட்டுந்தான். மூன்றே வயதான குழந்தைக்குச் சென்ற இளவேனில் நினைவிராது. ஆதலால் வாழ்க்கையில் முதன்முறையாக அது உலகம் துளிர்ப்பதைப் பார்க்கிறது. அந்த வியப்பைத்தான் அப்பள்ளியின் ஆசிரியைகள் பாடமாக வைத்திருந்தனர்.

முதற்பாடம் குருத்தோலை ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்பு நடந்தது. தென்னையும் பனையும் இல்லாத அந்நாட்டில் குருத்தோலைக்குப் பதிலாக, வெள்ளிப் பூனைமயிர்போல் மெத்தென்ற மொட்டுகள் கொண்ட வில்லோ மரக் கிளைகளைப் பிடிக்கின்றனர். பிள்ளைகள் இருவர் இருவராகக் கைகோத்து ஓடைக்கரைக்குச் சென்றனர், நாமும் பின்தொடர்ந்தோம். அங்கே ஆசிரியை மரத்தருகே எல்லாரையும் அமைதியாக நிற்கச் சொன்னார். சிறிது வெயில் வந்ததும் மரத்தில் ஒரு முரலோசை எழுந்தது. தேனீக்கள்! குளிர்காலம் முழுவதும் கூட்டில் ஒடுங்கிக்கிடந்த தேனீக்களுக்கு முதல் மகரந்தம் தருவன இவ்வகை மரங்களே. ஆதலால் வேலிகளையும் புதர்களையும் மார்ச் முதல் தேதியிலிருந்து செப்டம்பர் முடியும்வரை வெட்டலாகாது என்று சட்டம் உண்டு. கைப்பிடியளவு ஒடித்துக்கொள்ள மட்டும் தடையில்லை. “ஆளுக்கு ஒரு கிளை. மீதி யாருக்கு?” என்று ஆசிரியை வினவ, “தேனீக்கு!” என்று ஓசை எழுந்தது.

சிவப்புத் தொப்பிச் சிறுவன் நம் அங்கியைப் பிடித்திழுத்து, “உங்கள் ஊரில் தேனீக்கு மிச்சம் வைப்பீர்களா?” என்று கேட்டான். நம்மூரில் தென்னங்குருத்தை வெட்டுகிறோம், அது இலைதான், பூவன்று, ஆகவே தேனீக்கு நட்டமில்லை என்று விளக்கினோம். அவன் சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தான். குருமாணவராயிருந்தபோது மெய்யியல் தேர்வில்கூட நாம் இவ்வளவு அஞ்சியதில்லை.

அடுத்தது முட்டை. பிராங்கோனியாவின் அப்பகுதி சுண்ணாம்புக் கல் மேட்டுநிலம். பெய்யும் மழையெல்லாம் பாறை வெடிப்புகளில் இறங்கி மறைந்துவிடும். குழாய் நீர் வருமுன் அம்மேட்டு ஊர்களில் தண்ணீர் அரும்பொருளாக இருந்தது. குளிர்காலம் முடிந்ததும் ஊர்க் கிணறுகளையும் ஊற்றுத் தொட்டிகளையும் துப்புரவு செய்து, உயிர்ப்புத் திருநாளுக்குப் பசுந்தழையாலும் வண்ண முட்டைகளாலும் அலங்கரிப்பர். ஆவ்செஸ் என்னும் ஊரில் 1909 இல் இவ்வழக்கம் தொடங்கியதாகக் கூறுவர். பீபர்பாக் என்னும் சிற்றூரின் கிணறு 11,000க்கும் மேற்பட்ட முட்டைகளால் அலங்கரிக்கப்பட்டுக் கின்னஸ் நூலிலேயே இடம்பெற்றிருக்கிறது. தண்ணீருக்கு நன்றி சொல்ல முட்டையா என்று கேட்கத் தோன்றும். ஓட்டுக்குள்ளிருந்து உயிர் வெளிவருவதால் கிறிஸ்தவர் முட்டையை நம் ஆண்டவரின் உயிர்ப்புக்கு அடையாளமாகக் கொள்வது வழக்கமன்றோ!

நாம் தங்கிய ஊரில் கிணற்றுக்குரிய முட்டைகளில் ஒரு பங்கு குழந்தைகள் பள்ளியின் பொறுப்பு. ஆசிரியை முட்டையின் இருமுனைகளிலும் ஊசியால் துளையிட்டுத் தருவார். பிள்ளைகள் கன்னம் உப்ப ஊதி உள்ளிருப்பதைக் கிண்ணத்தில் இறக்குவர். அன்று நண்பகல் எல்லாருக்கும் முட்டைப் பொரியல். ஓடு காய்ந்தபின் வண்ணம் தீட்டி, நூலில் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கோத்தனர். கோக்கும்போதே எண்ணினர். கைதவறி உடைந்தால், இன்னும் எத்தனை வேண்டும் என்று எண்ணினர். உடைந்த முட்டையைவிடத் தெளிவாகக் கழித்தல் கணக்கைக் கற்பிக்கும் கருவி எதையும் நாம் கண்டதில்லை. நாமும் ஒரு முட்டைக்கு வண்ணம் தீட்டினோம். அது அழகாயில்லை என்று நான்கு வயதுப் பெண்ணொருத்தி ஒளிவுமறைவின்றித் தெரிவித்தாள். இருந்தும் கிணற்றின் பின்புறம் அதற்கோர் இடம் கிடைத்தது.

உடைந்த ஓடுகளும் வீணாகவில்லை. பாதி ஓட்டுக்குள் ஈரப் பஞ்சை வைத்து, கடுகினத்தைச் சேர்ந்த கிரெஸ்ஸே என்னும் கீரையின் விதையைத் தூவினர். ஓட்டின்மேல் கண்ணும் வாயும் வரைந்தனர். வெள்ளிக்கிழமை தூவிய விதை ஞாயிறு கழிந்து முளைவிட்டது. பெரிய வியாழனுக்குள் முட்டை மனிதர்களுக்குப் பச்சைத் தலைமயிர் வளர்ந்துவிட்டது. பெரிய வியாழனை ஜெர்மானியர் ‘பச்சை வியாழன்’ என்றே அழைப்பர். அன்று பச்சைக் கீரை உண்பது வழக்கம். பிள்ளைகள் கத்தரிக்கோலால் அத்தலைமயிரை வெட்டி, வெண்ணெய் தடவிய ரொட்டியின்மேல் தூவி உண்டனர். கத்தரிக்கோலைப் பிடிக்கத் தெரியாதிருந்த மூன்று வயதுக் குழந்தைகள் அன்று பிடித்தனர். ‘விரல்களுக்குப் பயிற்சி’ என்று நம் பள்ளிகளில் பக்கம் பக்கமாக நெட்டைக் கோடும் சாய்ந்த கோடும் எழுத வைக்கிறோமே, அதன் நினைவு வந்தது.

எல்லாமே சிறப்பாக இருந்தன என்று சொல்லமாட்டோம். வகுப்பறைச் சுவரில் அச்சடித்த வண்ணத்துப்பூச்சிப் படங்கள் ஐம்பது தொங்கின. ஐம்பதும் ஒரே அச்சு. வெளியே உண்மையான மலர் பூத்திருக்க, உள்ளே காகித மலர் ஒட்டியதும் நமக்கு உடன்பாடில்லை. அதைத் தலைவியிடம் சொன்னபோது, பெற்றோருக்கு வீட்டுக்குக் கொண்டுபோக ஏதாவது வேண்டுமே என்று பெருமூச்சு விட்டார். பெற்றோர் எங்கும் பெற்றோர்தாம் என்பது நமக்கு ஆறுதலாக இருந்தது.

உயிர்ப்புத் திருநாளுக்குப் பின்வந்த வாரத்தில் முற்றத்தின் ஓரத்திலிருந்த பாத்திகளைக் கொத்தி முள்ளங்கி விதைத்தனர். இங்கேதான் சிவப்புத் தொப்பிச் சிறுவனால் ஒரு சிக்கல் நேர்ந்தது. மறுநாள் தன் பாத்தியைத் தோண்டி, விதை என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு மூடினான். அடுத்த நாளும் தோண்டினான். மூன்றாம் நாள் பக்கத்துச் சிறுமியின் பாத்தியையும் தோண்டிவிட, அவள் அழுதாள். நாமாயிருந்தால் கையில் ஓர் அடி கொடுத்திருப்போம். அதுவே நம் கை பழகியது. ஆசிரியையோ அவனை உள்ளே அழைத்துச் சென்று, ஒரு கண்ணாடிக் குவளையின் உட்புறம் மையொற்றும் தாளைச் சுற்றி, தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஓர் அவரை விதையைச் செருகி, அடியில் நீர் ஊற்றிக் கொடுத்தார். “தோண்டினால் விதைக்கு வலிக்கும். இதில் தோண்டாமலே பார்க்கலாம்,” என்றார். தொப்பியைக் கழற்றாமலே அவன் அக்குவளையின்முன் உட்கார்ந்தவன் நண்பகல்வரை எழவில்லை.

அவன் செய்தது குறும்பன்று, கேள்வி. அதற்கு ஏற்ற விடையை அந்த அம்மையார் ஒரு குவளையில் வைத்துக் கொடுத்தார். இதை எங்கே கற்றீர்கள் என்று தலைவியிடம் கேட்டோம். அவர் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, “நாளை ஏப்ரல் 21. எங்கள் தாத்தாவுக்குப் பிறந்த நாள். வடக்கே மூன்று மணி நேரத் தொலைவில் அவர் ஊர் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதானே, போய் அவரையே கேளுங்கள்,” என்றார். தாத்தா என்று அவர் குறித்தது 1782 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 அன்று பிறந்த பிரீட்ரிக் ஃபிரோபல் அவர்களை.

காலைத் திருப்பலி முடித்துப் புறப்பட்டோம். பாம்பெர்க்கிலிருந்து வடக்கே செல்லும் இருப்புப் பாதை காட்டு மலைகளுக்கிடையே வளைந்து வளைந்து ஏறுகிறது. லுட்விக்ஸ்டாட்டுக்கும் புரோப்ஸ்ட்செல்லாவுக்கும் இடையே, 1989 வரை முள்வேலியும் காவலுமாக இருந்த இரு ஜெர்மனிகளின் எல்லையை, எதுவும் நேராததுபோல் வண்டி கடந்தது. சால்பெல்டில் வண்டி மாறினால் பாட் பிளாங்கன்புர்க் வந்துவிடுகிறது. துரிங்கியக் காட்டின் ஓரத்தில், ஷ்வார்சா ஆற்றங்கரையில், இடிந்த கோட்டையொன்றைத் தலைக்குமேல் தாங்கிய சிறு நகரம். செர்ரி மரங்கள் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தன.

ஃபிரோபல், லுத்தரன் போதகர் ஒருவரின் மகன். பிறந்து ஒன்பது மாதத்தில் தாயை இழந்தார். கண்டிப்பான தந்தை பங்குவேலையில் மூழ்கியிருந்தார். பிள்ளை போதகர் இல்லத்தின் தோட்டத்தில் தனியே வளர்ந்தான். காட்டிலாகாவில் தொழில் பயின்று, பின்னர் சுவிட்சர்லாந்தில் பெஸ்டலோட்சியிடம் இருந்து, பெர்லினில் கனிமப் படிகங்களை ஆராய்ந்து, கடைசியில் கைல்ஹவ் என்னும் சிற்றூரில் பெரிய பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். பள்ளிக்கு வருமுன்பே குழந்தை பாதி உருவாகிவிடுகிறது என்பதை அங்கே கண்டார். ஆகவே 1837 இல், ஐம்பத்தைந்து வயதில், பிளாங்கன்புர்க்கில் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கென்று ஒரு நிலையம் திறந்தார். நம் வயதில் ஒருவர் புதுவேலை தொடங்கியது நமக்குப் பெரிதும் பிடித்தது.

நிலையத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று மூன்றாண்டுகள் தவித்தாராம். 1840 ஆம் ஆண்டு இளவேனிலில் நண்பர்களோடு கைல்ஹவிலிருந்து மலைப்பாதை வழியே நடந்து வருகையில், கீழே பள்ளத்தாக்கில் பிளாங்கன்புர்க் தோட்டம்போல் விரிந்து கிடப்பதைக் கண்டு, சட்டென்று நின்று, பெயர் கிடைத்துவிட்டது என்று கூவினார் என்பர். அப்பெயர்தான் கிண்டர்கார்டன். ‘கிண்டர்’ என்றால் குழந்தைகள். ‘கார்டன்’ என்றால் தோட்டம். அவ்வாண்டு ஜூன் 28 அன்று பிளாங்கன்புர்க் நகர மன்றத்தில் முறைப்படி அதைத் தொடங்கிவைத்தார். குட்டன்பர்க் அச்சுக்கலையைக் கண்டதன் நானூறாம் ஆண்டு விழாவும் அன்றுதான். அச்சுப் புத்தகத்தின் திருநாளில் புத்தகமில்லாப் பள்ளி பிறந்தது!

அவர் வாழ்ந்து பணியாற்றிய இல்லங்களுள் ஒன்று இப்போது அருங்காட்சியகம். அவர் குழந்தைகளுக்குத் தந்த ‘கொடைகள்’ அங்கே இருக்கின்றன: ஆறு வண்ணங்களில் கம்பளி நூற்பந்துகள், மரத்தாலான உருண்டை, உருளை, கனசதுரம். அவருடைய கல்லறைக்கும் இம்மூன்று வடிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே நினைவுக்கல் செய்திருக்கின்றனர். நம் பள்ளிகளில் காகிதம் மடிப்பதும், நாடாக்களைப் பின்னுவதும், கட்டைகளை அடுக்குவதும் இவருடைய வழியில் வந்தவையே. ஆனால் நம் மனத்தை ஈர்த்தவை அக்கொடைகள் அல்ல. தோட்டத்தைப் பற்றி அவர் வகுத்திருந்த ஒழுங்கு. தோட்டத்தின் நடுவே ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்கே தனக்கென்று ஒரு சிறு பாத்தி. அப்பாத்திகளைச் சூழ்ந்து, எல்லாருக்கும் பொதுவான பாத்திகள். பூவும் காய்கறியும் பொதுவில் வளரும். இடம் போதாதெனில் இருவருக்கு ஒரு பாத்தி. தன் பாத்தியில் குழந்தை எதை வேண்டுமானாலும் நடலாம், எப்படி வேண்டுமானாலும் கெடுக்கலாம். கெடுத்தால் என்ன ஆகும் என்பதைச் செடியே சொல்லிக்கொடுக்கும். பொதுப் பாத்தியிலோ பிறரோடு ஒத்துப்போக வேண்டும். சமூகத்துக்குள் தனிமனிதன் இருக்கும் விதத்தை நான்கு வயதுக் குழந்தையின் கண்ணெதிரே மண்ணில் வரைந்து வைத்தார் அம்மனிதர். ஆக, தோட்டம் என்பது வெறும் உவமையன்று. உண்மையிலேயே மண்ணும் மண்வாரியும் உள்ள தோட்டம்.

அரசுக்கு இது பிடிக்கவில்லை. 1851 ஆகஸ்டில் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. நாத்திகத்தையும் சமதர்மத்தையும் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. அவருடைய உறவினர் ஒருவரோடு அவரைக் குழப்பிக்கொண்டதும் காரணம். இறைவனின் ஒழுங்கைக் குழந்தை இயற்கையில் காணவேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்த போதகர் மகன், நாத்திகர் என்னும் பழியோடு 1852 ஜூன் 21 இல் காலமானார். தடை நீங்கியது 1860 இல்.

அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வந்து ஒரு பலகையில் உட்கார்ந்தோம். அப்போதுதான் நமக்கு ஒன்று உறைத்தது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம்; பெயர்ப்பலகையில் எழுதுகிறோம்; பண ரசீதில் அச்சிடுகிறோம். அதிலுள்ள கடைசி எழுத்து எதைக் குறிக்கிறது? தோட்டத்தை. எழுத்தை வைத்துக்கொண்டு தோட்டத்தின்மேல் சிமெண்டு பூசியவர்கள் நாம். குருமடத்தில் கிரேக்கச் சொல்லுக்கும் லத்தீன் சொல்லுக்கும் வேர் தேடிப் பழகிய நமக்கு, நம் பள்ளி வாசலில் எழுதியிருந்த எழுத்தின் வேர் ஐம்பது வயதுக்குமேல் தெரியவந்தது.

அவ்வாண்டு இளவேனில் தயங்கித் தயங்கியே வந்தது. மே மாதம் பிறந்தும் அவரைச் செடியை வெளியே நட ஆசிரியை ஒப்பவில்லை. ‘பனிப் புனிதர்கள்’ போகட்டும் என்றார். மே 11 முதல் 15 வரை வரும் மமெர்த்துஸ், பங்கிராசியுஸ், செர்வாசியுஸ், போனிபாசியுஸ், சோபியா ஆகிய புனிதர்களின் நாட்கள் கழியும்வரை இரவில் உறைபனி விழக்கூடும் என்பது அந்நாட்டு உழவர்களின் பட்டறிவு. சிவப்புத் தொப்பிச் சிறுவனின் அவரை அதற்குள் குவளையைவிட்டு வெளியேறிச் சன்னல் கம்பியைப் பற்றியிருந்தது. அவன் ஒவ்வொரு நாளும் நம்மிடம் வந்து, இன்று யார் திருநாள் என்று கேட்பான். சோபியம்மாள் திருநாளுக்கு மறுநாள் செடியைப் பாத்தியில் இறக்கினான். தோண்டுவதற்குத் தாராளமாக அனுமதி கிடைத்த நாள் அது. புனிதர்களின் நாட்காட்டியை இத்தனை ஆவலோடு கேட்ட வேறொருவரை நம் குருத்துவ வாழ்வில் சந்தித்ததில்லை.

ஜூன் மாதம் ஊர் திரும்பியதும் கொத்தனாரை அழைத்து, முற்றத்தில் பன்னிரண்டடி நீளமும் எட்டடி அகலமுமாகச் சிமெண்டை உடைக்கச் சொன்னோம். நாலு வருடத்துக்கு முன் போட்டதும் தான்தான் என்று சொல்லி அவர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஜெர்மானியரின் இளவேனிலை இங்கே நடத்துவது நம் எண்ணமன்று. துலிப் மலரையும் பனிமனிதனையும் நம் பிள்ளைகள் வண்ணப் புத்தகத்தில் போதிய அளவு தீட்டிவிட்டனர். நமக்கு விதைக்கும் பருவம் ஆடி. ஆடியில் கீரையும் வெண்டையும் அவரையும் விதைத்தோம். பாத்தி ஓரத்தில் ஒரு புங்கங்கன்றும் நட்டோம். விதையைத் தோண்டிப் பார்க்கும் குழந்தை நம்மூரிலும் இருந்தது. தொப்பிக்குப் பதில் இரட்டைச் சடை. ஆசிரியை கையை ஓங்கியவர், நாம் நிற்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார். ஊறுகாய்ப் பாட்டிலும் மொச்சை விதையும் பழைய நாளிதழும் கொண்டுவரச் செய்தோம். பங்குனியில் சாலையோரத்து வேம்பு பூத்தபோது, ஆசிரியை பிள்ளைகளை அதன் அடியில் உட்காரவைத்துக் குயில் எத்தனை முறை கூவுகிறது என்று எண்ணச் சொன்னார். அது அவருக்கே தோன்றியது, நாம் சொல்லவில்லை.

பெற்றோர் மகிழ்ந்தனர் என்று எழுத ஆசைதான். ஒரு தந்தை பிள்ளையின் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். “பக்கத்து ஸ்கூல்ல இந்த வயசுல வார்த்தையே எழுதுறாங்க சாமி. எம்பிள்ளை நகத்துல மண்ணோட வருது. இதுக்கா ஃபீஸ் கட்டுறேன்?” என்றார். அவர் கட்டட வேலை செய்பவர். நாள் முழுவதும் மண்ணோடும் சிமெண்டோடும் கிடப்பவர். தம் பிள்ளை மண்ணைத் தொடாமல் வளரவேண்டும் என்பதே அவர் வாழ்வின் இலட்சியம். ஃபிரோபலைப் பற்றி அவரிடம் என்ன சொல்வது? எழுத்தும் கற்பிக்கிறோம், சிறிது பொறுங்கள் என்றோம். அவர் பொறுக்கவில்லை. 2024 ஏப்ரலில் ஆண்டு முடிந்தபோது பதினோரு பிள்ளைகளுக்கு டி.சி. கேட்டு வந்தனர். ஆசிரியை ஒருவரின் சம்பளத்துக்கு வேறு வழி தேடவேண்டியதாயிற்று. அந்தத் தந்தை சொன்னதில் நியாயமே இல்லை என்று இன்றும் நம்மால் கூற இயலவில்லை.

அதே ஆண்டு மே மாதம் மாற்றலாகி வேறு பங்குக்கு வந்தோம். 2025 பங்குனியில், ஒரு திருமணத்தின் பொருட்டு அங்குச் சென்றபோது பள்ளிப் பக்கம் எட்டிப்பார்த்தோம். பாத்தி இருந்தது, வெண்டை காய்ந்துபோயிருக்க, கீரை மட்டும் தழைத்திருந்தது. புங்கங்கன்று ஆளுயரத்தைத் தாண்டி, பழைய இலையை உதிர்த்துப் பளபளவென்று புதுத்தளிர் விட்டிருந்தது. ஆயா துடைப்பமும் கையுமாக நின்றார்.

“வெட்டுனதும் நீங்க, வெச்சதும் நீங்க. கூட்டுறது மட்டும் எப்பவும் நான்தானா சாமி?” என்றார்.